காற்று வந்த முகவரி

இரவுக் கடமையில் எனக்கு ஒரு மேசை,
நீல மட்டைப் பதிவேடு,
மூன்று நெபுலைசர். அவற்றில் ஒன்று
தலையில் தட்டினால்தான் மூச்சு விடும்.

பெயர், வயது, முகவரி, வந்த நேரம்,
புகைப்பவரா: ஆம், இல்லை.
எழுதி முடித்தபின்தான் முகமூடி என்பது ஒழுங்கு.
நான் முதலில் முகமூடியைப் போடுவேன்.
தோள் இரண்டும் காதுக்கு ஏற
இழுத்து இழுத்து வருகிறவனிடம்
பெயரைக் கேட்டால்
அந்த மூச்சையும் அல்லவா செலவழிப்பான்.

பத்து ஐம்பது: நாவாந்துறை, ஆறு வயது.
பதினொன்று பத்து: காக்கைதீவு, எழுபத்தொன்று.
பதினொன்றேகால்: நாவாந்துறை, முந்தி வந்தவனின் தங்கை.
யன்னல் திறக்காமலே சொல்லிவிடுவேன்,
கல்லுண்டாய்க் குப்பை எரிகிறது,
காற்று வாடை.
சோளகம் பிறந்தால் இதே நிரலில்
ஆனைக்கோட்டை எழுதுவேன், மானிப்பாய் எழுதுவேன்.
கரையூர்ச் சம்மாட்டியார்கூட
ஈர விரலை உயர்த்தித்தான் திசை சொல்வார்.
எனக்கு முகவரிகள் போதும்.

மார்கழிக் கடைசியில் சில நாள்
இந்தக் கணக்குக் குழம்பும்.
அரியாலை, கொக்குவில், குருநகர், கோண்டாவில்,
எல்லாப் பக்கத்தாலும் வருவார்கள்.
மத்தியானத்திலும் சூரியனை நேரே பார்க்கலாம்,
கழுவாத அலுமினியத் தட்டுப் போல.
புகை கடல் தாண்டி வந்ததாம்.
வள்ளம் வந்தால் பிடிக்கிற நேவி
இதைப் பிடிக்கவில்லை.
நாங்களும் பனி என்று சொல்லி
பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு அனுப்புகிறோம்.

மரியநாயகம், ஐம்பத்தெட்டு,
பஸ் நிலையத்தில் நேரம் எழுதுகிறவர்.
"புகைப்பீங்களோ ஐயா?"
"நான் இல்லை மிஸி.
எழுநூற்றைம்பது புகைக்கும்,
காரைநகர் மினிபஸ் புகைக்கும்,
நான் பக்கத்தில நிண்டு
நேரம் மட்டும் எழுதுறன்."
சிரிக்கப் போனார். இருமல் முந்திக்கொண்டது.
ஆம் பெட்டிக்கும் இல்லைப் பெட்டிக்கும்
நடுவில் கிடந்த கோட்டில் சரி போட்டேன்.
காலையில் பெரிய மிஸி வெள்ளை மையால் அழித்து
இல்லை என்றாக்கினா.

இன்பராணி, இருபத்தாறு, எட்டாம் மாதம்.
கஸ்தூரியார் வீதி நகைக்கடை வாசலில்
வாங்கோ வாங்கோ என்று கூப்பிடுகிற வேலை.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் காலடியில்.
ஒரு குழாயால் இரண்டு பேருக்கு
மருந்து விட்டேன்.
பதிவேட்டில் ஒருத்தி.

இப்படித் திசை அறிந்தவள் என்று
எனக்குள் ஒரு செருக்கு.

போன செவ்வாய்
காற்றே இல்லை.
வேம்பில் ஓர் இலை அசையவில்லை.
வேலைக்கு வெளிக்கிட முந்தி முற்றம் கூட்டினேன்.
மாவிலைச் சருகு, யோகட் கோப்பை,
பிறந்தநாள் வீட்டுச் சோற்றுப் பெட்டி, சொப்பிங் பை,
எல்லாம் கஞ்சல்தானே.
மதிலோரம் குவித்து நெருப்பு வைத்தேன்.
எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும்
ஆறு மணிக்கு ஒரு குவியல் எரியும்,
விளக்கு வைப்பதுபோல.
கால் கழுவி, வெள்ளைச் சீருடை போட்டு,
ஸ்கூட்டியில் வந்துவிட்டேன்.

எட்டு நாற்பது.
நீல உதடு. விலாவுக்குள் குழி விழுகிற நெஞ்சு.
முகமூடியைப் போட்டு, பட்டியை இறுக்கி,
இயந்திரத்தின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி,
பிறகுதான் பேனாவை எடுத்தேன்.
பெயர், ஆர்த்திகன். வயது, நான்கு.
முகவரி கேட்க நிமிர்ந்தபோதுதான்
தாயைக் கண்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்துச்
சுபாங்கினி.

ஒழுங்கையின் பெயரை எழுதினேன்.
இலக்கம் பதின்மூன்று.
என்னுடையது பதினொன்று.
அதற்கு மேல் எழுத
அந்தப் பதிவேட்டில் நிரல் இல்லை.

பிள்ளை முகமூடிக்குள்ளால் என்னையே பார்த்தான்.
குனிந்து பட்டியைச் சரிசெய்தபோது
என் தலைமயிரிலிருந்து
அந்த மணம் இறங்கி வந்தது.
ஓர் அடி பின்னால் போய் நின்றேன்.

"நல்லகாலம், நீங்கள் கடமையில நிண்டது அக்கா"
என்றா சுபாங்கினி.
என் கையைப் பிடித்து
இரண்டு தரம் சொன்னா.